அப்பா நீட்டிய கேபின்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். அப்பா நல்லவர், உழைப்பாளி என்பதெல்லாம் இதைக் கையில் வாங்கும் உங்களுக்கே தெரியும். எனக்கு எழுத இருப்பது ஒரு வண்டியைப் பற்றி. அதில் என் தப்பும் இருக்கிறது.

அப்பா படாளத்தில் பிறந்தவர். தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் எட்டாவதோடு படிப்பு நின்றது. லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டப் பழகி, பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டினார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பழைய பிக்கப் வண்டியைச் சொந்தமாக வாங்கினார். செங்கல்பட்டுக்குக் குடிவந்தோம். மதுராந்தகம் பக்கத்துக் காய்கறியை செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கும் மாமல்லபுரம் ஓட்டல்களுக்கும் ஏற்றிப் போவார். விசேஷம் என்றால் குடும்பமும் அதே வண்டியில்தான். முன்னால் அப்பாவோடு அம்மாவும் தம்பியும். அப்பாவின் அக்கா, கணவரை இழந்து எங்களோடு இருந்த அத்தை, அவரும் நானும் பின்னால் மூட்டைகள் நடுவே தார்ப்பாய்க்கு அடியில்.

நான் பத்தாவது படித்த வருடம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். வழியில் நல்ல மழை. பட்டுப் பாவாடை நனைந்து, முட்டைகோஸ் நாற்றத்தோடு மண்டப வாசலில் இறங்கினேன். சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "இன்னாடி, கோசு மூட்டையோட சேத்து உன்னியும் எறக்கிட்டாங்களா?" என்று சிரித்தாள். நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். எல்லோர் எதிரிலும் அப்பாவிடம், "இனிமே உன் வண்டில நான் ஏறவே மாட்டேன், போ. நான் இன்னா ஆடா மாடா?" என்று கத்தினேன். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையைத் துவட்ட வந்தார். கையைத் தட்டிவிட்டேன்.

அடுத்த மாதமே வண்டியைப் பட்டறையில் விட்டார். கேபினைப் பின்பக்கம் நீட்டி, குடும்பம் உட்கார இன்னொரு சீட் போட வேண்டும் என்றார். கூடப் போயிருந்த அத்தை பிற்பாடு சொன்னது இது. பட்டறைக்காரர், "அண்ணாத்த, லோடு வண்டிய வெட்டினா சரக்குக்கு ஏது எடம்? பொழப்பு இன்னா ஆவறது?" என்று தயங்கினாராம். "பொழப்பே அதுங்களுக்குத்தானப்பா. வெட்டு" என்றாராம் அப்பா. அதற்கு அனுமதி வாங்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

சீட்டுக்கு அளவெடுக்க வீட்டில் பெஞ்சு போட்டு எங்களை வரிசையாக உட்காரச் சொன்னார். அத்தையும் தம்பியும் உட்கார்ந்தார்கள். நான் அறையை விட்டு வரவில்லை. அப்பா என் இடத்தில் ஓர் அரிசி மூட்டையை வைத்து, அதற்கு அப்பால் நான்கு விரல் தள்ளிச் சாக்பீஸால் கோடு போட்டார். "வளர்ற பொண்ணு" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

வண்டி வந்தது. பச்சை ரெக்சின் சீட், பக்கத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். "வாம்மா, குந்திப் பாரு" என்றார். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கல்லூரி விடுதிக்குப் பஸ்ஸில் போனேன். முட்டுக்காட்டில் வாழ்க்கைப்பட்டேன். தீபாவளிக்கு அழைத்துப் போக வண்டியோடு வருகிறேன் என்பார். "வேணாம்ப்பா, நாங்க பஸ்ல வந்துடறோம்" என்பேன். கோபம் எப்போதோ போய்விட்டது, வீம்புதான் நின்றது. மாமியார் வீட்டு வாசலில் காய்கறி வண்டி வந்து நிற்க வேண்டாம் என்ற அற்பத்தனமும் இருந்தது. என்றைக்காவது ஏறிக்கொள்ளலாம், அப்பா எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன்.

கேபின் நீண்டதில் சரக்குக்கு இடம் குறைந்தது. ஒரு நடையில் முடிந்த வேலைக்கு அப்பா தினமும் இரண்டு நடை போனார். இதைக்கூட அவர் போன பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

சென்ற ஆண்டு மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அஸ்தி கரைக்க மாமல்லபுரம் கடலுக்குப் போனோம். தம்பி ஓட்டினான். பக்கத்தில் அம்மா, அவர் மடியில் துணி சுற்றிய கலயம். பின் சீட்டில் அத்தையும் நானும். எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். அப்பா ஆசைப்பட்டது அதுதான். திருக்கழுக்குன்றம் வரை அடக்கிக்கொண்டு வந்தேன், அப்புறம் முடியவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாதடி. அவனுக்கு உம்மேல கோவமே கெடையாது. யாரு வந்து குந்திட்டுப் போனாலும் உன் எடத்த தொடச்சி வெச்சிகினு இருப்பான்."

அன்று அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய மார்க்கெட் சுமைகாரர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், இன்றும் அந்த வண்டியைக் கூலி வாங்காமல் சரி பார்த்துத் தரும் பட்டறைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களில் பலர் அந்த சீட்டில் போயிருக்கிறீர்கள். பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு, வேடந்தாங்கலில் பறவை பார்க்க. வண்டி ஓட்டும்போது அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார் என்கிறான் தம்பி. இனி வீட்டுக்கு வரும்போது, உங்களிடம் என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லுங்கள். எனக்குத் தெரியாது.