எதிர்க்கடையில் கிடைத்த அர்த்தம்

சிரிக்காமல் படியுங்கள். இன்று காலை சைகோனில் என் துணிக்கடையில் ஈ விரட்டுகிறேன் என்று துண்டை வீசினேன். உள்ளே வந்த ஒரே வியட்நாமிய அம்மாளின் ஓலைத்தொப்பி தெருவில் போய் விழுந்தது.

தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் நேரே எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

எதிரே நம் காரைக்கால் பாய் கடை. அமெரிக்கன் நைலான் துணி வந்து இறங்கியிருக்கிறது. எங்கள் 'பென் தான்' சந்தை முழுவதும் அங்கேதான் நின்றது.

"பக்கத்துக் கரும்புச்சாறுக் கடையால இங்க ஈ மொய்க்குது" என்று சலித்துக்கொண்டேன்.

"மொய்க்குதுன்னா என்னப்பா?" என்றாள் மகள். படிப்பது வியட்நாமியப் பள்ளியில். தமிழ் வீட்டோடு சரி.

"ஈ வந்து உக்கார்றதும்மா." என் எட்டாங்கிளாசுக்கு அவ்வளவுதான் வந்தது.

அவளுக்குப் போதவில்லை. பாயிடம் ஓடினாள். திரும்பும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா எவ்ளோ அழகா சொன்னாரு! பூவுல வண்டு மொய்க்குமாம், நல்ல கடையில சனம் மொய்க்குமாம். நமக்கு ஈ மட்டும்தானாப்பா?"

வியாபாரம் அங்கே போனதைப் பொறுத்துக்கொண்டேன். அந்த 'எவ்ளோ அழகா'தான் வயிற்றைப் பற்றவைத்தது.

பாய்க்குத் தெரியாத உதாரணம் ஒன்று என்னிடம் இருந்தது. எரிச்சலில் சொல்லாமலே விட்டேன்:

"நீ பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில நம்ம சனம் உன்னை மொய்ச்சதுல, பெத்த எனக்கே எட்டிப் பாக்க எடம் கெடைக்கல."