சீர் கொண்டுவராத தாய்மாமன்

"சீர் வராது அக்கா. மண்டபத்தை வேணாம்னு சொல்லிடுங்க." எங்கள் கண்டி வீட்டு முன்னறையில், கதிரை நுனியில் உட்கார்ந்துகொண்டு மாமா இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் வெளுத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நான் பெரியபிள்ளையானதற்கு, பரீட்சை முடியட்டும் என்று தள்ளிவைத்திருந்த சடங்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் தட்டெடுத்து வந்து மாலை போடாமல் எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்பிள்ளைக்கும் சடங்கு நடந்ததில்லை. அது மாமாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

மாமா கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். வந்ததும் என்னை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "இது தேத்தண்ணியா, பாத்திரம் கழுவின தண்ணியாடி?" என்பார். "உங்க கடைத் தூள்தானே மாமா, வேற எப்படி இருக்கும்?" என்று நானும் விடமாட்டேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் என் வாய் அடங்கிப்போனது. ஏன் என்று கேட்டால் இன்றும் எனக்குக் காரணம் தெரியாது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. காலையில் எழும்ப முடியவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, பள்ளித் தோழிகளின் சிரிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. வீட்டுக்கு வந்தவர்களோ என்னைப் பாராட்டினார்கள். "பெரியபிள்ளையானதும் எவ்வளவு அடக்கம் வந்துருச்சு பாருங்க" என்றார்கள். அம்மாவுக்குப் பூரிப்பு. ஒரு பெண்பிள்ளை உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருப்பதை நல்ல வளர்ப்பு என்று நினைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு ஞாயிறு மாமா வழக்கம்போலத் தேநீரைப் பழித்தார். நான் ஒன்றும் பேசாமல் கோப்பையை எடுத்துப்போய் வேறு ஊற்றிக்கொண்டு வந்து வைத்தேன். அம்மா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசற் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன விடயம் என்று கேட்கக்கூட இல்லை. நானாகத்தான் சொன்னேன். "நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி மாமா."

"எனக்கு இருக்காதே" என்றார். பிறகு, "அம்மா அப்பாகிட்ட நான் சொல்லத்தான் வேணும். ஊருக்குச் சொல்லமாட்டேன்" என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார்.

மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்த அப்பா விடயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தபடி இருந்துவிட்டார். அம்மா அழுதார். கோயிலில் நூல் கட்டலாம், சடங்கு முடியட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கலாம், இப்போது வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்றார். மாமா நயமாகச் சொல்லிப் பார்த்தார், கெஞ்சினார். கடைசியில்தான் சீர் வராது என்ற அந்த வார்த்தையை எடுத்தார். "புள்ள டாக்டரைப் பாத்துக் குணமாகட்டும். அதுக்கப்புறம் எத்தன தட்டு வேணும்னாலும் எடுத்துட்டு வர்றேன்."

சடங்கு நின்றது. சொந்தக்காரர்களுக்குக் காரணம் வேண்டுமே? மாமனுக்குக் கை வரவில்லை, கஞ்சன் என்று அவர்களே கட்டிக்கொண்டார்கள். மாமா மறுக்கவில்லை. பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கு என்னை அவர்தான் கூட்டிப்போவார். கடையைப் பூட்டிவிட்டு வந்து, மர வாங்கில் என்னோடு உட்கார்ந்து காத்திருப்பார். ஒருநாள் அப்பாவின் தம்பி மனைவியான சித்தி அந்த வழியால் வந்துவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. மாமா கண்ணை இமைக்காமல் சொன்னார்: "எனக்குத்தான் தங்கச்சி, தூக்கமில்லாத வருத்தம். தனியா வர ஒரு மாதிரி இருந்துச்சு, புள்ளய துணைக்குக் கூட்டிட்டு வந்தேன்." சொந்தத்துக்குள் கஞ்சன் என்ற பெயரோடு இப்போது மூளைக் கோளாறு என்பதும் சேர்ந்துகொண்டது. இப்படி ஒரு மனிதன் எனக்கு மாமனாக வாய்த்தாரே என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

கிளினிக்கில் ஒரு சிங்கள டாக்டரம்மா இருந்தார். தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்பார், நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பார். மருந்தும் பேச்சுமாக மாதங்கள் போயின. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருநாள் மாமா, "உன் மூஞ்சிக்கு ஜன்னல் சீட்டு ஒரு கேடா?" என்றார். "உங்க மூஞ்சிய வெளிய இருக்கிறவங்க பாத்துப் பயந்துடக்கூடாதேன்னுதான் மாமா" என்று வாயில் வந்துவிட்டது. மாமா சிரிக்கத் தொடங்கி, பிறகு கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கொண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

நான் குணமான பிறகு மாமா தட்டெடுக்கத் தயாராகத்தான் இருந்தார், இனி எனக்குச் சடங்கு வேண்டாம் என்று நான்தான் சொல்லிவிட்டேன். இன்று நான் ஒரு பாடசாலையில் ஆலோசனை ஆசிரியை. "எங்க புள்ள ரொம்ப அடக்கம் டீச்சர்" என்று எந்தத் தாய் சொன்னாலும், அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாமல் அனுப்புவதில்லை.

போன மாதம் கண்டியில் ஒரு கல்யாணம். புதுச் சம்பந்திகளிடம் சித்தி மாமாவைக் காட்டி, "இவர்தான் மருமகளுக்குச் சீர் செய்யாத தாய்மாமன்" என்று கேலியாகச் சொன்னார். மாமா வழக்கம்போலச் சிரித்தார். இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை.

"சித்தி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில மாமாவுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நோயாளி நான்தான். சாகணும்னு நெனச்சவளை இவர்தான் கூட்டிட்டுப் போனார். சீர் கொண்டு வராததும் அதுக்காகத்தான்."

"ஏன்டி, இத்தன வருஷம் கட்டிக் காத்தேனே" என்று மாமா பதறினார்.

"வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல மாமா."

சித்தி எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு என் கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துப்போனார். "என் சின்னவன் ரூமை விட்டு வெளியவே வாறதில்ல. கேட்டா அழுறான். ஒருத்தர்கிட்டயும் சொல்லல." குரலை இன்னும் தாழ்த்தினார். "அந்த கிளினிக் எந்தக் கிழமை?"

நான் வாய் திறப்பதற்குள் எங்களுக்குப் பின்னால் இருந்து மாமாவின் குரல் கேட்டது.

"அத நாளைக்கே விசாரிச்சுச் சொல்றேன் தங்கச்சி. நானும் கூட வர்றேன். யாராச்சும் கேட்டா, எனக்குத்தான்னு சொல்லுங்க."