தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றிய வைன்

அரிசி மில் முதலாளிக்கு மட்டும் வைனைத் தேத்தண்ணிக் கோப்பையில்தான் ஊற்ற வேண்டும். அது அவருடைய கட்டளை. கீழே ஒரு பீரிசு, பக்கத்தில் ஒரு துண்டு சர்க்கரை, சும்மா கலக்குவதற்கு ஒரு கரண்டி. தெருவால் போகிறவர்கள் கல்முனை வாடிவீட்டு விறாந்தையை எட்டிப் பார்த்தால், ஊரின் பெரிய மனிதர் வெள்ளைக்காரரோடு உட்கார்ந்து மரியாதையாகப் பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கரண்டிச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

ஐம்பதுகளில், வெளியூர்க்காரர் வந்து தங்கும் அந்த வாடிவீட்டில் சமையலும் பரிமாறலும் என் பொறுப்பு. உள்ளே காட்டுப் பக்கம் அணை கட்டி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த காலம். அந்த வேலைக்கு வந்த எஞ்சினியர் துரை ஒருவர் மாதக்கணக்கில் எங்களிடம் தங்கினார். கொழும்பிலிருந்து அவருக்குப் பெட்டியில் வைக்கோல் சுற்றிச் சிவப்பு வைன் வரும். அவர் பிறந்ததும் கடற்கரை ஊர்தானாம். அங்கே திராட்சைக் கொடி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்குமாம், உப்புக்காற்று பழத்திலே படியுமாம், அதனால் அந்த வைனில் கடல் இருக்குமாம். வெள்ளைக்காரன் அளக்கிறான் என்றுதான் நினைத்தேன். தக்கையைப் பிடுங்கி மூக்கில் வைத்துப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. கனிந்த நாவற்பழமும் மழையில் நனைந்த தோணிப் பலகையும் சேர்ந்தாற்போல ஒரு மணம்.

நான் அதை வாயில் வைத்ததில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் பரிமாறத் தெரிந்துகொண்டேன். எங்கள் வெக்கையில் போத்தலை வெளியே வைத்தால் வைன் வெந்துபோகும் என்று துரை சொல்ல, பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் போத்தலைப் புதைத்து வைத்தேன். சாப்பாட்டுக்கு நல்ல நேரம் முன்பே தக்கையை எடுத்து மூச்சு விட வைப்பேன். எதனோடு எது சேரும் என்பதைத் துரை கொஞ்சம் சொன்னார், மீதியைச் சாப்பிடுகிறவர்களின் முகம் சொன்னது. மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டிய மாட்டிறைச்சிக்கு அந்த வைன் நன்றாக இசைந்துபோகும். தணலில் சுட்ட இறாலுக்கும் பரவாயில்லை. புளிக்குழம்பு, எங்கள் புளியாணம், வைத்தால் வைன் செத்துப்போகும். சாளை மீன் மட்டும் கூடவே கூடாது. சாளையின் எண்ணெய் நாக்கில் இருக்கும்போது இந்த வைன் பட்டால் வாய் முழுக்கத் துருப்பிடித்த இரும்பை நக்கினது போலாகிவிடுமாம். காரமும் சேர்ந்துவிட்டால் தொண்டை வரைக்கும் தீப்பிடிக்குமாம். ஒரு நாள் தெரியாமல் வைத்துவிட்டேன். துரை ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, இனி இந்த இரண்டும் ஒரு மேசையில் சந்திக்கக்கூடாது என்று சிரித்தார்.

வீட்டுத் தறியில் சேலை நெய்துகொண்டிருந்த என் தங்கச்சிக்குச் சாய்ந்தமருதிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. வாப்பா மௌத்தாகிப் பல காலம். உம்மாவும் நானும் சேர்ந்து தங்கச்சிக்கு என்று ஒரு வீட்டைக் கட்டிக் கூரைவரைக்கும் கொண்டுவந்திருந்தோம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் பெண்ணைவிடப் பெண்ணின் உம்மா, வாப்பா, கூடப் பிறந்த காக்கா எப்படிப்பட்டவர்கள் என்றுதான் கிண்டிக் கிளறிப் பார்ப்பார்கள்.

அந்த வாத்தியார் மேல் முதலாளிக்கும் ஒரு கண். அவருக்கும் கலியாணத்துக்கு நின்ற ஒரு குமர் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது மாப்பிள்ளையின் மாமாவைக் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

"எந்த ஆணத்துக்கு எந்தப் போத்தல் சேரும் எண்டு அவன் கண்ண மூடிக்கொண்டு செல்றான். குடிச்சிப் பாக்காம அது தெரியுமா? நானே ரெண்டு காதாலயும் கேட்டிரிக்கன். குடிகாரன்ட ஊட்டுக்கா ஒங்கட மருமகன அனுப்பப் போறீங்க?"

கேட்டிருப்பார்தான். என் கையால் ஊற்றிய வைனைக் குடித்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதானே.

சம்மந்தம் முறிந்தது. பேசிவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தாங்கள் கொண்டுவந்த சீர்த்தட்டங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். தங்கச்சி அழவில்லை. வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். வாத்தியாரை முதலாளியின் மகளுக்குப் பேசுகிறார்கள் என்ற கதை பின்னாலேயே வந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது. அன்றைக்கு முதலாளியின் கழுத்தைத் திருகிக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நினைத்தேன்.

ஊரில் போய் முதலாளிதான் குடிக்கிறார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? குடிகாரன் என்று பேர் எடுத்தவன் வேறொருவனைக் குடிகாரன் என்றால் ஊர் வாயால் சிரிக்காது. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவர் முந்திக்கொண்டார். அதுதான் போகட்டும் என்றால், அடுத்த கிழமையே ஒன்றும் நடக்காதது போல வாடிவீட்டுப் படியேறி வந்து, "தம்பி, நம்மட பிளேன்டீ" என்றார். நான் ஊற்றிக் கொடுத்தேன். என் சொல்லுக்கு மதிப்பில்லை, ஊர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கோப்பையை ஊற்றும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

மாரி வெள்ளத்தில், இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்குப் போகும் பாதை அறுந்துபோயிருந்தது. மண் போட்டுத் தர வேண்டும் என்று கேட்கப் பள்ளிவாசல் மரைக்காரும் இன்னும் மூன்று நாலு பேரும் துரையைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார். ஒருவனைப் பள்ளிக்குள் எடுப்பதும் தள்ளுவதும் அவர்கள் கையில். அவர்கள் வரும் நாளைத் துரை என்னிடம் சொன்னார். நான் முதலாளியிடம் சொல்லவில்லை.

பின்னேரம் அசர் தொழுது முடித்து அவர்கள் படியேறும்போது முதலாளி வழக்கம்போலக் கோப்பையோடு இருந்தார். எழும்ப வழியில்லை, ஊற்றிவிடவும் வழியில்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர். ஸலாம் சொல்லி, கதிரைகளை இழுத்துப் போட்டு, "வாங்க வாங்க, துரையோட பிளேன்டீ குடிச்சிக்கொண்டு கதைக்கிறம்" என்று கரண்டியால் இரண்டு கலக்கு கலக்கினார். மேசையில் துரையின் கண்ணாடிக் கிளாசிலும் அதே சிவப்பு இருந்தது. துரை வெள்ளைக்காரர், அவர் கிளாசில் என்ன இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

நான் உள்ளே போய் எல்லோருக்கும் அதே வெள்ளைக் கோப்பைகளில் சாயம் தூக்கலாகப் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்தேன். அதோடு ஒரு பெரிய பீங்கானில் சாளை. அன்று காலையில் கரைவலையில் விழுந்த கொழுத்த சாளை, கொச்சிக்காய்த்தூளை அள்ளிப் பூசி முறுகப் பொரித்தது. துரை மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கிளாசைத் தள்ளி வைத்தார். மரைக்கார் பீங்கானை முதலாளி பக்கம் நகர்த்தி, "எடுங்க, சூட்டோட திண்டாத்தான்" என்றார். மரைக்கார் நீட்டியதைத் தட்ட முடியுமா? முதலாளி ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்து மென்றார். காரம் ஏறியது. கை தன்னால் கோப்பைக்குப் போனது. ஒரு பெரிய மிடறு.

அவருடைய முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கண் பிதுங்கியது, மூக்குச் சுருங்கியது, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் கன்னத்திலேயே வைத்திருந்தார். பிறகு விழுங்கிவிட்டு இருமத் தொடங்கினார். அந்த இருமல் எனக்குக் காதில் தேன் ஊற்றினது போல இருந்தது.

"கொச்சிக்காய் ஏறிட்டு," என்றார் மரைக்கார். "மனே, தேசிக்காய் கொண்டா. எல்லார்ட கோப்பையிலயும் புழிஞ்சி உடு. முதலாளிக்குக் கொஞ்சம் கூட."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. நான் நினைத்தது அவர் துப்புவார், வெள்ளைச் சட்டையில் கறை படும், அவ்வளவுதான். எலுமிச்சை என்று சிலர் சொல்லும் தேசிக்காயை வெட்டிக் கொண்டுவந்து மரைக்காரின் கோப்பையிலிருந்து தொடங்கினேன். தேசிக்காய் பட்டால் பிளேன்டீ வெளுக்கும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரைக்காருடையது வெளுத்துத் தேன் நிறமாகியது. அடுத்தவருடையதும் அப்படியே. இருமலுக்கு நடுவில் முதலாளி கையால் கோப்பையை மூடினார். மரைக்கார் அந்தக் கையை அன்போடு விலக்கினார். நான் ஒரு முழுப் பாதியை அழுத்திப் பிழிந்தேன்.

அது வெளுக்கவில்லை. கருஞ்சிவப்பாய் இருந்தது பளிச்சென்று செம்பரத்தம்பூச் சிவப்பாகியது. மரைக்கார் அதைப் பார்த்தார். தன் கோப்பையைப் பார்த்தார். பிறகு துரையின் கிளாசைப் பார்த்தார். முதலாளியின் கோப்பையை எடுத்து மூக்கடிக்குக் கொண்டுபோனவர், மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு எழும்பினார்.

"பாதை விசயத்த பொறகு கதைப்பம்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் விசாரணை வைத்தார்கள். முதலாளி என்னையும் இழுத்துக்கொண்டு விழப் பார்த்தார். "ஊத்தினவன் இவன்தான். குடிச்சிப் பாக்காம எது எதோட சேரும் எண்டு இவனுக்கு எப்பிடித் தெரியும்? அதக் கேளுங்க மொதல்ல."

"ஓம், ஊத்தினது நான்தான்," என்றேன். "குடிச்சது நானில்ல. நோன்பு மாசத்துல ஒங்கட ஊட்டுப் பொம்புளையள் கஞ்சிக்கு உப்புப் பாக்கிறது நாக்காலயா? ஆவியில மூக்க வெச்சித்தானே பாக்காங்க. நானும் அப்பிடித்தான்."

பள்ளிக் காரியங்களிலிருந்து முதலாளியை விலக்கினார்கள். என்னையும் விடவில்லை. ஊற்றிக் கொடுப்பதும் ஹறாம்தான், அந்த வேலையை விடு என்றார் மரைக்கார். விட்டேன். அதற்காக நான் ஒரு நாளும் வருந்தவில்லை. அந்த வேலை போகும் என்று தெரிந்துதான் சாளையைப் பொரித்தேன்.

ஊர் தலைகீழாகப் புரண்டது. முதலாளி வீட்டுச் சம்மந்தத்தையும் வாத்தியார் வீட்டார் முறித்துவிட, மாப்பிள்ளையின் உம்மா தட்டத்தோடு மறுபடியும் எங்கள் வாசலில் வந்து நின்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதற்காகத்தானே எல்லாம். பாயை விரித்தேன். உள்ளே தறியில் இருந்த தங்கச்சி எழும்பி வந்து கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"மாமி, கோவிக்காதீங்க. ஒரு கதைக்கு என்ன உட்டுட்டுப் போனீங்க, இன்னொரு கதைக்கு அவள உட்டுட்டு வாறீங்க. அவளும் நானும் ஒண்டாக் குர்ஆன் ஓதினவங்க. அவள்ட வாப்பா குடிச்சதுக்கு அவள் என்ன செய்வாள்? ஒங்கட மகன அங்கேயே குடுங்க."

அன்று முழுக்க அவளோடு நான் கதைக்கவில்லை. ஒரு மனிதனை நடு ஊரில் வைத்து நான் சாய்த்திருக்கிறேன், இவள் அவனைக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறாள்.

முதலாளியின் மகளுக்கும் வாத்தியாருக்கும் அந்தக் கலியாணம் நடந்தது. தன் நிக்காஹ்வுக்கு என்று தங்கச்சி தன் கையாலேயே நெய்து மடித்து வைத்திருந்த பச்சைக் கரைச் சேலையை அந்தப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளை அதைத்தான் உடுத்தது. யார் நெய்த சேலை, யாருடைய கலியாணத்துக்கு நெய்தது என்று பந்தலில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அவர் தன் மகளின் கலியாணத்தன்று தலையை நிமிர்த்தவில்லை. பிறகும் பெருநாளுக்குப் பெருநாள் மகள் அதை உடுத்திக்கொண்டு ஸலாம் சொல்ல முன்னால் வந்து நிற்கும்போதெல்லாம் அவர் முற்றத்துக்கு எழும்பிப் போய்விடுவார் என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு நாள் தங்கச்சியிடம் கேட்டேன். "அது அந்தப் பிள்ளையில இரக்கப்பட்டுக் குடுத்ததா, இல்ல அவருக்குச் சுட வேணும் எண்டு குடுத்ததா?"

அவள் தறியை நிறுத்தவில்லை.

"ரெண்டுக்கும்தான் காக்கா," என்றாள்.