மஞ்சள் தண்ணீர் குடித்த கோழிகள்

முதலில் ஒரு விடுகதை. முழுக்க அடித்தால் செத்துப்போவான். பாதி அடித்துவிட்டால் பயில்வான் ஆவான். கண்ணுக்கு மட்டும் தெரியமாட்டான். அவன் யார்?

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தீவனக் கடையில் வேலை பார்த்தேன். கோழித் தீவனமும் கோழி மருந்தும் அங்கே கிடைக்கும். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் அவற்றை விற்பதும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்வதும் என் வேலை. கோழி மருந்து விற்பவனுக்கு ஒரு ராசி உண்டு. கோழி நன்றாக இருக்கும் வீட்டில் அவனை உட்காரச் சொல்ல மாட்டார்கள். கோழி சாகும் வீட்டில் எழுந்திருக்க விடமாட்டார்கள். ஆகவே எந்த வீட்டிலும் இந்த விடுகதையைப் போட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். "பாம்பு" என்பார்கள். "மாமியார்" என்றும் ஒருவர் சொன்னார். விடை, நோய்க் கிருமி. மருந்தை முழுக்கக் கொடுத்தால் கிருமி அழியும். அரைகுறையாகக் கொடுத்தால் பலவீனமானவை சாகும். மருந்தைத் தாங்கக்கூடியவை தப்பும். தப்பியவை பெருகும். அடுத்த தடவை அதே மருந்தைக் கொட்டினாலும் அவை அசையாது.

விடையைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் கீழே வருவது. கோழி வளர்த்துக் கை சுட்டுக்கொண்டவர்கள் இதைப் படித்தால், துணைக்கு ஆள் இருக்கிறது என்று தேறிக்கொள்ளலாம்.

எழுந்து நின்ற கோழி

ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் கோவிந்தசாமி என்று ஒரு நெல் விவசாயி. களத்து மேட்டில் கொட்டகை போட்டு வெள்ளை லெகான் கோழிகள் வளர்த்தார். கோழிகள் சோர்ந்து உட்கார்ந்ததும் ஆள் அனுப்பினார். அந்த நாளில் எல்லாருக்கும் தெரிந்த மருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு ஆன்டிபயாடிக் பொடிதான், சமையல் மஞ்சள் இல்லை. தண்ணீரில் கலந்து வைக்க வேண்டும். "கோழி தேறிவிட்டாலும் நிறுத்தாதீர்கள். சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அவரையும் ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் போனால், பொடிப் பொட்டலத்தில் பாதி கூரை எரவானத்தில் செருகியிருந்தது. அடுத்த நோய்க்கு என்று எடுத்து வைத்திருக்கிறார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கோழி எழுந்து நின்னுச்சு நைனா! எழுந்து நின்னு சோறு துன்றவனுக்கு யாராவது கஞ்சி காச்சி ஊத்துவாங்களா?"

உறை மோர்

எளாவூருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பத்தில் கன்னியம்மா இருந்தாள். அவள் கணவன் ஏகாம்பரம் ஏரியில் மீன் பிடித்தவன். ஒரு மழைக்காலத்தில் படகில் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்து, மூச்சு முட்ட நீந்திக் கரை சேர்ந்தான். அன்றிலிருந்து நெஞ்சில் இழுப்பு. மழைக்காலத்தில் இனி ஏரிப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனைக் கரையிலேயே நிறுத்தி வைக்கத்தான் கன்னியம்மா கோழிப்பண்ணை தொடங்கினாள். அவனோ, "மீன் புடிக்கிறவன் ஊட்ல கோழி தங்குமா? மழைக்குள்ள இதுங்க நெலைக்கலன்னா நான் வலையை எடுத்துக்கினு போய்க்கினே இருப்பேன்" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிடுவான். அந்த வீட்டில் கோழி என்றால் அவன் உயிர் என்று அர்த்தம். அவனைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்.

அந்தக் குப்பத்தில் கன்னியம்மாவைப் பார்த்து இன்னும் சில வீடுகள் கோழி வைத்தன. யார் வீட்டில் ஒரு கோழி கொக்கரிப்பதை நிறுத்தினாலும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கன்னியம்மாவிடம் வருவார்கள். அவள் ஒரு கரண்டி மஞ்சள் பொடி கொடுப்பாள். இருப்பது குறைந்ததும், தன் கோழிகளுக்குப் போடுவதைப் பாதியாக்கிக்கொள்வாள். ஆகவே வாங்கியவர்கள் கோழிக்கும் அரை மருந்து, கொடுத்தவள் கோழிக்கும் அரை மருந்து. "மருந்தைப் பங்கு போடாதே அம்மா" என்றேன். அவள் என்னை ஏதோ பிச்சைக்காரனை விரட்டச் சொன்னவனைப் போலப் பார்த்தாள். "வெளக்கு வெச்சப்புறம் ஒற மோர் கேட்டாதான் அண்ணே இல்லன்னு சொல்லுவோம். பட்டப் பகல்ல வந்து மருந்து கேக்குறாங்க, எப்டி இல்லன்னு சொல்றது?"

ரசம்

அதோடு நின்றதா என்றால், இல்லை. நோய் வந்த பிறகு கொடுப்பதைவிட, வராமலே இருக்கத் தினமும் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து குஞ்சுகளுக்கும் பெரிய கோழிகளுக்கும் தினமும் ஒரு சிட்டிகை. அளவு கிடையாது. தண்ணீர் மஞ்சளாகத் தெரிந்தால் சரி, வெளுத்துத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம். நோயில்லாத கோழிக்கு மருந்து எதற்கு என்று விளக்கினேன். கிருமிக்கு நாம்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கம் கொடுக்கிறோம் என்றும் சொன்னேன். கன்னியம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினாள்.

தண்ணீர் வைக்கும் வேலை அவள் மகள் மல்லிகாவுடையது. மூன்றாம் வகுப்புப் படித்தாள். கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்த ஒரு கோழியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு, அதற்குக் கோணச்சி என்று பெயரும் வைத்திருந்தாள். மஞ்சள் தண்ணீர்ச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து கோணச்சியின் முன்னால் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "எங்க ஊட்ல கோழிதான் மாமா தெனம் ரசம் குடிக்குது. நாங்க இல்ல."

பொடி தோற்றது

ஆடி முடியும்போது கூண்டில் நோய் புகுந்தது. கோழிகளின் கொண்டை வெளுத்தது. பச்சையும் மஞ்சளுமாகக் கழிந்தன. மாலையில் தலையைத் தொங்கப்போட்ட கோழி காலையில் கிடந்தது. கன்னியம்மா இந்த முறை யாருக்கும் கரண்டி கொடுக்கவில்லை. நான் சொன்ன அளவு, நான் சொன்ன நேரம், சொன்ன நாள் முழுக்க. ஒரு குறை வைக்கவில்லை. அப்படியும் கோழிகள் செத்துக்கொண்டே இருந்தன.

நான் போனபோது ஏகாம்பரம் பரணிலிருந்து வலையை இறக்கி, கிழிசல்களைப் பின்னிக்கொண்டிருந்தான்.  மழைக்கு ஏரியில் இறங்கத் தயாராகிறான் என்று புரிந்தது. கன்னியம்மா கூண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "நீ சொன்ன மாறியே முழுசாத்தான் அடிச்சேன் அண்ணே. அவன் சாவல. என் கோழிதான் சாவுது."

தட்டில் வட்டம்

சென்னையில் ஒரு கால்நடை மருத்துவர், செத்த கோழியைச் சோதித்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்வார். கோழி கெடாமல் போய்ச் சேர வேண்டும். நல்ல வேளையாக, இறால் அனுப்புகிற குப்பத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அன்று காலை செத்த கோழி ஒன்றை இறால் பெட்டியில் ஐஸும் உமியும் போட்டு மூடி, கன்னியம்மாவும் நானும் எளாவூரில் ரயில் ஏறினோம். பெட்டியைப் பார்த்த ஒருவர் வழி நெடுக "இறாலா? கொஞ்சம் கொடுங்களேன்" என்று விடவே இல்லை. கடைசியில் கன்னியம்மா மூடியைத் திறந்து காட்டினாள். பொன்னேரியில் அவர் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

முடிவு கேட்க வரச் சொன்ன நாளில் மறுபடியும் போனோம். மருத்துவர் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். தட்டு முழுக்கப் பாலாடை படர்ந்தது போலக் கிருமி. அதன் மேல் பொட்டு அளவில் சில காகித வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து. ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் பாலாடை இல்லாமல் தெளிவாக ஒரு வட்டம். அந்த மருந்து இருக்கும் இடத்தில் கிருமியால் வளர முடியவில்லை என்று பொருள். எங்கள் மஞ்சள் பொடி தடவிய வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. பாலாடை அதன் விளிம்பு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எத்தனை நாள் வாயால் சொல்லியும் நடக்காதது அந்தத் தட்டில் ஒரு நொடியில் நடந்தது. கன்னியம்மா குனிந்து பார்த்தாள். "இன்னா சார் இது! மருந்து மேலயே பாய் விரிச்சுப் படுத்துக்கினு கீது!"

ஊதாச் சொட்டு

வட்டம் போட்ட மருந்தை வாங்கி வந்தோம். கன்னியம்மா அதைப் பூட்டி வைத்தாள். கிண்ணத்தோடு வந்தவர்களிடம், "உன் கோழிக்கு இன்னா நோவுன்னு தெரியாம இத்தக் குடுத்தா, நாளைக்கு இதுவும் தண்ணியாப் பூடும்" என்று சொல்லி அனுப்பினாள். சாவு நின்றது. பாதிக்கு மேல் கோழிகள் தப்பின. ஆனால் மருத்துவர் ஓர் எச்சரிக்கை செய்திருந்தார். இந்த நோயிலிருந்து தேறிய கோழி, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், சிலவற்றின் உடம்பில் கிருமி தங்கிவிடும். அது முட்டை வழியாகவும் எச்சம் வழியாகவும் மற்றவற்றுக்குப் போகும். புதுக் குஞ்சு இறக்குவதற்கு முன் அவற்றைக் கண்டுபிடித்து நீக்கிவிட வேண்டும்.

அவரே ஒரு நாள் வந்தார். ஒவ்வொரு கோழியின் இறக்கை அடியிலும் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஊதா நிற மருந்து ஒரு சொட்டு கலந்து ஆட்டினார். சீராகக் கலந்தால் நல்ல கோழி. திரிந்த பால் போலத் திப்பி திப்பியானால், அந்தக் கோழி நீக்க வேண்டியவற்றின் கூடைக்கு. மல்லிகா கோணச்சியை மடியில் வைத்துக்கொண்டு கடைசியாக வந்தாள். கோணச்சி தேறி, நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அதன் சொட்டு திப்பி திப்பியாகப் பிரிந்தது.

"அது நல்லாத்தானே கீது மாமா?" என்று மல்லிகா என்னைக் கேட்டாள். அதற்கு நோவில்லை, ஆனால் மற்ற கோழிகளுக்கு அதனால் நோவு வரும் என்றேன். யாரும் கூடையை அவளிடம் நீட்டவில்லை. கன்னியம்மாதான் மருத்துவரிடம் கெஞ்சினாள்: ஒன்றே ஒன்றுதானே, வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டிப்போடுகிறேன், யாருக்குத் தெரியப் போகிறது? மருத்துவர் பதில் சொல்வதற்குள், அதுவரை வலைக் குவியல் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் எழுந்து வந்தான். "ஏய், எம் படவுல ஓட்டை எத்தினி இருந்துச்சுன்னு நெனச்ச? ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."

புதுக் குஞ்சுகள்

மல்லிகா தானே கோணச்சியைத் தூக்கிக் கூடையில் வைத்தாள். பிறகு பல நாள் கூண்டுப் பக்கம் போகவில்லை. நல்ல கோழிகளைத் தனியே பிரித்தார்கள். பழைய கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காய விட்டார்கள். தடுக்கு, சட்டி எல்லாவற்றையும் கொதிநீரில் அலசினார்கள். இந்த வேலைகளை முன்னால் நின்று செய்தவன் ஏகாம்பரம். கூரை மேல் ஏறவும் இறங்கவும் மூச்சு வாங்கியது. ஆனாலும் சுண்ணாம்பில் ஒரு கீற்று விட்டுப்போகவில்லை. தப்பிய கோழிகளின் முட்டைகள் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்சாலைகளின் கேன்டீனுக்குப் போயின. மேகம் திரண்டபோது வலை பின்னி முடிந்திருந்தது. அதை எடுத்து மறுபடியும் பரண் மேல் போட்டுவிட்டான்.

குஞ்சுகள் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ரயிலில் வந்தன. கன்னியம்மா காய்ச்சி ஆற வைத்த வெறும் தண்ணீரைச் சட்டியில் ஊற்றினாள். ஏகாம்பரம் எட்டிப் பார்த்து, "இன்னாடி, தண்ணி வெள்ளையா கீது?" என்று சீண்டினான். "தண்ணி வெள்ளையாத்தான் இருக்கும். உங்க ஏரித் தண்ணி மாறி இருக்கணுமா?" என்றாள் அவள். எனக்கு அங்கே அன்று விற்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது முறையாகப் பையைத் திறந்து பார்த்தேன். கன்னியம்மா அதைக் கவனித்துவிட்டாள். "வெறுங்கையோடதான் போணுமான்னு பாக்காத அண்ணே. நாஷ்டா துன்னுட்டுப் போ."

கோழி மருந்து விற்கப் புறப்பட்டவன், மருந்து வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அந்த வட்டாரத்தில் நல்ல பெயர் வாங்கியது என் முதலாளிக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அன்று புறப்படும்போது கன்னியம்மா குஞ்சுப் பெட்டியை மல்லிகாவின் முன்னால் திறந்து வைத்து, எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள், அது உன்னுடையது என்றாள். மல்லிகா குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, தனக்கு ஆட்டுக்குட்டி வேண்டும் என்றாள்.