பதினேழாம் எண் கேன்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கேன் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

கேன் என்றால் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு முழு நாளின் சிறுநீரை அதில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கேனைக் கையில் கொடுக்கும்போது அவள் ஒரு பிரசங்கமே செய்வாள். "காலையில எழுந்ததும் முதல் தடவை போறதை விட்டுடுங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. மறுநாள் காலையில முதல் தடவை போறது வரைக்கும் இதுலதான். கல்யாணத்துக்குப் போனாலும் கேன் கூட வரணும், சொல்லிட்டேன்." கூச்சப்பட்டு நெளிகிறவர்களும் இதைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள்.

ஆராய்ச்சி அறை இரண்டாம் மாடியின் கோடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்தான் தெரியும். உள்ளே இரண்டு அலமாரிகள். இடப்பக்கத்து அலமாரியில் கால் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களின் கோப்புகள் பிதுங்கி வழிந்தன. வாத்தியார்கள், முடிவெட்டுகிறவர்கள், போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் என்று நாளெல்லாம் நின்றே பிழைக்கிறவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, வீக்கம் வடிந்ததா, புண் ஆறியதா என்று விசாரிப்பாள். வலப்பக்கத்து அலமாரியில் அட்ரினல் கட்டிக்காரர்கள். அந்த ஆய்வு தொடங்கிய ஒன்பது வருஷத்தில் பதினோரு கோப்புகள்தான். அவ்வளவு அபூர்வமான வியாதி. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று முளைக்கும். திடீரென்று நெஞ்சு படபடக்கும், உடம்பு வியர்த்துக் கொட்டும், தலை பிளக்கும். பத்து நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும். டாக்டர்களே பலரை, "எல்லாம் மனசுதான் காரணம்" என்று சொல்லி வருஷக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கேன் அக்காவின் வீட்டில் அவள் ஒருத்திதான். புருஷன் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர். பதினெட்டு வருஷம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஜனங்களை மேலே ஏற்றி, கீழே இறக்கி, ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. காரியம் முடிந்த மூன்றாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். "கல்லு மாதிரி இருக்காளே" என்று நர்சுகள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

கல் மாதிரி எல்லாம் இல்லை. சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். காதுவரை கேட்கும். ரவிக்கை நனைந்துவிடும். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிடுவாள். பத்து நிமிஷத்தில் தணிந்துவிடும். பிறகு எழுந்து விளக்கைப் போடுவாள்.

ஊரையெல்லாம் கேள்வி கேட்கிறவளுக்குத் தன்னைப் பற்றிச் சந்தேகம் வரவில்லையா என்றால், வந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை வந்தது. ஆனால் அது அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம். அவர் இல்லாத வீடு நெஞ்சில் இடிக்கிறது, அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டாள். அதை ஒரு படிவத்தில் ஏற்றிப் பிறத்தியார் கையில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவரிடமிருந்து மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் சின்ன டாக்டர் ஓடி வந்தாள். அட்ரினல் ஆய்வைப் பார்த்துக்கொள்கிற இளம் டாக்டர் அவள். வயசு முப்பது இருக்கும், நடக்கவே தெரியாது, எங்கேயும் ஓட்டம்தான்.

"அக்கா, நோய் இல்லாதவங்க பட்டியல்ல ஒரு ஆள் குறையுது. அம்பது தாண்டின பொம்பளையா வேணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது கேன் புடிச்சுத் தருவாங்களா?"

கட்டி கொட்டுகிற சுரப்புநீர் நோயாளிகளின் சிறுநீரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிட நோயில்லாதவர்களின் சிறுநீரும் வேண்டும். கேன் அக்கா பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள். அந்தம்மா முகத்தைச் சுளித்த சுளிப்பில் இன்னொருத்தரைக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே பிடித்துக் கொண்டுவந்துவிட்டாள். ஊழியர்கள் கொடுக்கலாம் என்று விதியிலேயே இருந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்கிற நோட்டு அவள் மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கும். கேனோடு எட்டுக் கேள்விப் படிவமும் தர வேண்டும். படபடப்பு உண்டா? இல்லை. வியர்வை? இல்லை. தலைவலி? இல்லை. ஒரே மூச்சில் எட்டுக்கும் இல்லை போட்டு, பதினேழாம் எண் சீட்டை ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

அன்றே இன்னொரு கேனும் வந்திருந்தது. அது ஒரு தையற்காரியுடையது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அவளுக்கு அட்ரினலில் ஒரு சின்னக் கட்டி தெரிந்திருந்தது. அது சும்மா இருக்கிற கட்டியா, வேலை செய்கிற கட்டியா என்று பார்க்கத்தான் கேன்.

மூன்று வாரம் கழித்து முடிவுகள் வந்தன. தையற்காரிக்கு எல்லாம் சரியாக இருந்தது. பதினேழாம் எண்ணுக்கு இருக்க வேண்டியதைப்போல ஆறு மடங்கு இருந்தது.

ஆய்வுக்குத் தலைவரான பெரிய டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாளை மேஜையில் போட்டார். "சீட்டை மாத்தி ஒட்டியிருக்கீங்க. கட்டி இருக்கறவளுக்குச் சரியா இருக்காம், நல்லா இருக்கறவளுக்கு ஆறு மடங்காம். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். பத்தொன்பது வருஷமா இந்த வேலைதானே பாக்கறீங்க?"

கேன் அக்காவின் முகம் வெளுத்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு சீட்டு மாறியதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒட்டுகிற கை அது. மாறவில்லை என்று சொன்னால் பதினேழு யார் என்றும் சொல்ல வேண்டிவரும்.

"இன்னொரு தடவை கேன் புடிச்சுப் பாக்கலாமே சார்," என்றாள் சின்ன டாக்டர் மெதுவாக.

"இன்னும் மூணு வாரம் போகணுமா? கட்டி ஸ்கேன்லயே தெரியுது. மாத்திரையை ஆரம்பிங்க, ரெண்டு வாரத்துல ஆபரேஷன். அந்தம்மாவுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க." பிறகு கேன் அக்காவைப் பார்த்தார். "நீங்களே போடுங்க. அதுக்கப்புறம் பழைய கோப்பு அறைக்கு மாறிக்கலாம்."

தன் அறைக்கு வந்து தையற்காரியின் எண்ணை அழுத்தினாள். பின்னணியில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அக்காவா? என்னாச்சுக்கா, பயப்படற மாதிரி ஏதாவது?"

"உங்களை வரச் சொல்றாங்க."

"ஆபரேஷனா?" மிஷின் நின்றது. "எனக்கு ஒண்ணும் புரியாதுக்கா. நீங்க சொன்னா வந்துடறேன். வயித்தைக் கிழிக்கணும்னா கிழிச்சுக்கட்டும்."

இல்லாத வியாதிக்கு ஒருத்தி வயிற்றைக் காட்டிக்கொண்டு வரப் போகிறாள், அதுவும் தன் பேச்சை நம்பி. "இருங்கம்மா. இன்னும் முடிவாகலை. நானே கூப்பிடறேன்," என்று வைத்தாள். இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சீட்டு மாறலை சார். பதினேழு நான்தான்."

பெரிய டாக்டர் நோட்டைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "எட்டுக் கேள்விக்கும் இல்லைன்னு போட்டிருக்கீங்களே."

"பொய் சார். சீட்டுல தப்பு இல்லை. அதுலதான் தப்பு."

சின்ன டாக்டர் அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எப்பக்கா வருது?"

"சாயந்திரம். வீட்டுக்குள்ள போனதும். அவர் இல்லாத வீடு பாருங்க, அதான்."

"உள்ள போனதும் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவாங்க? செருப்பு வாரைக் கழட்டுவேன்."

"குனிஞ்சா?"

"குனியாம எப்படிக் கழட்டறது?"

சின்ன டாக்டர் அவள் செருப்பைப் பார்த்தாள். குனியும்போது வயிறு மடங்கிக் கட்டி நசுங்கும், உடனே அது தன் சரக்கை ரத்தத்தில் கொட்டும் என்பது கேன் அக்காவுக்கும் தெரியும். ஒன்பது வருஷமாக அவளே எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம். மூன்று வருஷமாக அவர்தான் வந்துபோகிறார் என்று நினைத்திருந்தாளே, அது செருப்பு வார். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இரண்டாம் தடவை அவரைப் பறிகொடுத்ததுபோல் இருந்தது.

"எடுத்துட்டா இது வராதா?"

"சுத்தமா வராதுக்கா," என்றாள் சின்ன டாக்டர் சந்தோஷமாக.

ஸ்கேனில் இடப்பக்கம் கட்டி தெரிந்தது. இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து ரத்த அழுத்தத்தை அடக்கிவிட்டு எடுத்தார்கள். கூட இருப்பவர் என்ற இடத்தில் சின்ன டாக்டரே கையெழுத்துப் போட்டாள். தையற்காரியை மறுபடி கேன் பிடிக்கச் சொன்னார்கள். அதுவும் சரியாக இருந்தது. ஆபரேஷன் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்கள். பெரிய டாக்டர் வார்டுக்கு வந்து, தலையைச் சொறிந்து, கோப்பு அறையில் ஒரே தூசி, அங்கே எல்லாம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சாயந்திரம் போன் அடித்தது. அவள் லீவில் இருப்பதால் சின்ன டாக்டரே இரண்டு அலமாரிக்காரர்களுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, படபடப்பு வந்துச்சா?"

"வரலை டாக்டர்."

"சூப்பர். அப்ப வெச்சுடட்டுமா? இன்னும் இருபது பேர் இருக்காங்க."

"எட்டுக் கேள்வி இருக்கே. பாக்கியையும் கேளுங்க."

சின்ன டாக்டர் சிரித்துவிட்டுக் கேட்டாள். வியர்வை? இல்லை. தலைவலி? இல்லை. ஒவ்வொன்றுக்கும் கேன் அக்கா யோசித்து, உண்மையைச் சொன்னாள். எல்லாமே இல்லைதான்.

"கடைசி. வேற ஏதாவது தொந்தரவு?"

"இருக்கு."

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. அந்தப் படபடப்பு வந்து வந்து போனதுல, நான் ஒரு தடவைகூட அழலை டாக்டர். இப்ப நாலு நாளா நிறுத்த முடியலை."

சின்ன டாக்டர் போனை வைக்கவில்லை.