தலைப்பு நாங்கள் போட்டது

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து நன்றாக இருந்ததால் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை கிடைத்தது. ஒரு எழுத்து தப்பினால் யாருடைய நிலமாவது போய்விடுமோ என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை பார்ப்பேன்.

ஆட்சி மாறி, குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்திருந்த நேரம். நாற்று நடும் பெண் ஒருத்தி பழைய வாக்குமூலத்துக்கு நகல் கேட்டு வந்தாள். அவள் குடிசை நேற்று முளைத்தது என்று நிலத்துக்காரரான மிராசுதாரின் வழக்கு. அதே மனையில் குடியிருப்பதாக அவளுடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்திலேயே சொல்லியிருந்த சாட்சி அது. மறுநாள் காலை விசாரணை.

அந்தத் தாளில் அப்பாவின் பெயருக்கு முன்னால் சாதியைச் சொல்லும் ஏச்சு. அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. வரிக்கு வரி ‘அவன்’. விட்டுவிடலாமா என்று பேனா நின்றது. விட்டால், திருத்திய நகல் என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடும். அப்படியே எழுதினேன். நகலுக்கு மேலே நாங்களே போடும் தலைப்பையும் தலைமை எழுத்தர் அதே ஏச்சோடு சொன்னார்; எழுதினேன்.

அடுத்தது ஒப்புப் பார்ப்பது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் மூலத்தோடு சரிபார்த்தால்தான் முத்திரை விழும். அவளோ ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

“ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்களேன்” என்றேன்.

“எங்கப்பா பேசினதுங்க. கேக்கணும்.”

தலைப்பிலிருந்து படித்தேன். அந்த ஏச்சு வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது.

“வாயில என்னய்யா, கொழுக்கட்டையா? சத்தமா படி” என்றார் தலைமை எழுத்தர்.

படித்து முடித்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “உள்ள இருக்கறது அன்னிக்கு ஆபீசருங்க எழுதினது. மேல இருக்கறது யாரு எழுதினது தம்பி?”

நான் தலைமை எழுத்தரைப் பார்த்தேன்.

“தலைப்பு நாம போடுறதுதான்” என்றார் அவர்.

“அப்ப அத மாத்துங்க. உள்ளத தொடாதீங்க, வீடு போயிடும்.”

அவள் போகவேண்டிய கடைசி மாயவரம் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முதல் தாளை மறுபடி எழுத உட்கார்ந்தேன். அவசரத்தில் உள்ளே ஒரு வார்த்தை விட்டுப்போனால்? தலைப்பில் பெயரோடு ‘அவர்களின் வாக்குமூலம்’ என்று போட்டேன். அந்தத் தாளை மறுபடி ஒப்புப் பார்த்தோம்.

“அவர்கள்னு போட்டா ஜட்ஜு எழுந்து நிப்பாராய்யா?” என்றபடியே அவர் முத்திரை குத்தினார்.

மஞ்சள் பையில் நகலைச் செருகிக்கொண்டு அவள் ஓடினாள்.

எனக்குத்தான் தூக்கம் போனது. மேலே ஒரு விதம், உள்ளே ஒரு விதம் என்று யாராவது கிளப்பிவிட்டால்? அறுவடைக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்ததும் கிட்டே போனேன்.

“வீடு இருக்குதுங்களா?”

“இருக்கு தம்பி. மழைக்கு முன்னாடி கூரைதான் மாத்தணும்.”

பஸ் வந்தது. தலைப்பைப் பற்றி கோர்ட்டில் யாரும் ஏதும் கேட்டார்களா என்று கேட்பதற்குள் ஏறிவிட்டாள்.