புகைக் கொட்டகைக்குள் நாலு பேர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் எங்கள் மலையூர் பூண்டியில் என் விதைப்பூண்டுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து காத்துக் கிடக்கிறார்கள். எவன் தயவிலும் வந்த பெயரில்லை அது. போன வருடம் அந்த விதைக்கே ஆபத்து வந்தது, அதுவும் போலீஸ் ரூபத்தில்.

அதிரடிப் படைக்குப் பத்து வருடம் கழித்து என்னென்ன கருவி வேண்டும் என்று திட்டம் போடுகிறார்களாம். அதற்கு எங்கள் ஊரில் ஒத்திகை. ஒரு காவலர் தீவிரவாதியாக ஒளிந்துகொள்வார். உடம்புச் சூட்டைக் காட்டும் ட்ரோன் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். பனிமூட்டத்தில் நேராகப் பறக்கவே தடுமாறிய சாமான்!

திரையைப் பார்த்த அதிகாரி என் தகரக் கொட்டகையைக் காட்டினார். "உள்ள நாலு பேர் படுத்திருக்கானுங்க. கதவை உடைங்க." ஒளிந்தது ஒரே ஆள்; திரை நாலு என்றால் அவருக்கு நாலுதான்.

அங்கே படுத்திருந்தது பூண்டு கெடாமலிருக்க நான் மூட்டிய நாலு புகைக்குழி. மேலே விட்டத்தில் அடுத்த நடவுக்கான விதைப்பூண்டு முழுவதும் கட்டுக் கட்டாகத் தொங்கியது. கதவு உடைந்து காற்று புகுந்தால் கங்கு கொழுந்துவிட்டு எரியும். வெந்த பூண்டுப் பல் எங்கே முளைக்கும்? ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன்.

"ஐயா, உள்ள ஆளு இல்லீங்க. பூண்டுதான் கெடக்கு, புகை போட்டிருக்கேன்."

"தள்ளுங்க பெரியவரே. மெஷின் பொய் சொல்லாது."

"மெஷினுக்கு மூக்கு இருக்குங்களா? ஒங்களுக்கு இருக்குல்ல. முகமூடியக் கழட்டிட்டு மோந்து பாருங்க."

கதவை உடைக்க வந்தது ஆறு பேர், ஆறு முகமூடி. ஒருவருக்கும் கை எழவில்லை. கடைசியில் ஒட்டன்சத்திரத்துக் காவலர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கழற்றினார். ஒரு மூச்சு இழுத்தவர் சிரித்துவிட்டார். "சார், மலைப்பூண்டு சார். எங்க ஊரு மார்க்கெட்டே இப்பிடித்தான் மணக்கும்."

"அப்ப நம்ம ஆளு எங்கய்யா?" என்றார் அதிகாரி.

நம்ம ஆள் என் வீட்டு அடுப்படியில், என் மனைவி கொடுத்த டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். குளிர் தாங்கவில்லையாம், தீவிரவாதிக்கு. ட்ரோன் என் வீட்டையும் இரண்டு சுற்று சுற்றியது. அந்தச் சூட்டை அடுப்பு என்று விட்டுவிட்டார்களாம். அடுப்பு என்ற இடத்தில் ஆள், ஆள் என்ற இடத்தில் நெருப்பு. என்ன படிப்பு படித்தார்களோ!

அதிகாரி நோட்டை எடுத்தார். "இந்த மாதிரி கொட்டகை இங்க எத்தன இருக்கு?"

"பூண்டு போடுற வீட்டுக்கெல்லாம் இருக்குங்க. வெரசா எழுதிக்கோங்க, அடுத்த கதவுல நான் வந்து நிக்க முடியாது."

எழுதிக்கொண்டார், பாவம். நான் கதவைப் புகை போட்டு முடிந்த நாளில்தான் திறந்தேன். நட்ட பல் எல்லாமே முளைத்தது.